பொட்டு வைக்காத நாட்கள்

பாடன்
17.07.2016

அன்புள்ள சித்திக்கு,

இங்கே சுவிஸில் அம்மா, அப்பா, நான் மூவரும் சுகமாக இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. மொன்றியலில் உங்களுக்கும் சித்தப்பாவுக்கும் உடம்பு எப்படி? பானு அண்ணாவுக்கு சியாட்டில் மழை பழகிவிட்டதா?

ஃபோன் இருக்க ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா ஃபோனை என் கையில் தந்தால் "ஓம் சித்தி", "இல்லை சித்தி", "சரி சித்தி" தவிர எனக்கு ஒன்றும் வருவதில்லை. வைத்த பிறகுதான் சொல்ல நினைத்ததெல்லாம் வந்து நிற்கும். எழுதும்போது அப்படி இல்லை. பிழை இருந்தால் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியைக் குற்றம் சொல்லுங்கள்.

சித்தி, வெள்ளிக்கிழமை உங்கள் விமானத்தைப் பார்த்தேன்!

சூரிச்சிலிருந்து அது முதன்முறையாகப் பயணிகளை ஏற்றிக்கொண்டு பாரிசுக்குப் போன நாள். விமான நிலையத்தில் பார்வையாளர் நிற்கும் மேல்தளம் நிறையச் சனம். நான் தனியாகத்தான் போனேன். பக்கத்தில் ஒரு வயதானவர் மடக்கு நாற்காலி, தேநீர்ப் போத்தல், நீளமான கமரா எல்லாம் கொண்டுவந்து உட்கார்ந்திருந்தார். இவ்வளவு நாளும் அந்தப் பாதைகளில் பறந்த சின்ன விமானத்துக்கு நாலு என்ஜின். அது கிளம்பினால் காதைப் பொத்த வேண்டும். உங்களுடையதற்கு இரண்டே என்ஜின், வெள்ளை உடம்பு, சிவப்பு வால். அது ஓடுபாதையின் முனையில் திரும்பி நின்றது. பிறகு ஓடியது. மூக்கு உயர்ந்தது. நான் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். சத்தம் வந்து சேருவதற்குள் அது மேலே போய்விட்டது. அந்த வயதானவர் படம் எடுக்க மறந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அதன் உள்பலகைகளைப் பொருத்திப் பூட்டியவர்களில் என் சித்தியும் ஒருவர்" என்று அவருக்குச் சொல்ல வேண்டும் போலிருந்தது. ஜெர்மனில் வசனத்தை மனதுக்குள் அமைத்துவிட்டேன். வாய் திறக்கவில்லை. அவர் நாற்காலியை மடக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஒரு கேள்வி. அப்பா கார் வாங்கியபோது கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பொட்டு வைத்து, சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்தோம். நீங்கள் விமானத்துக்குப் பொட்டு வைத்தீர்களா?

பதில் வரும் என்ற நம்பிக்கையுடன்,
கோபிஷா


மொன்றியல்
21.08.2016

அன்பு மகள் கோபிஷாவுக்கு,

உன் கடிதத்தை நானும் சித்தப்பாவும் மாறி மாறி வாசித்தோம். எங்கள் உடம்புக்குக் குறையில்லை. சித்தப்பாவுக்கு இரத்தத்தில் சீனி கொஞ்சம் அதிகம், அதை அவர் சொல்லவிடமாட்டார். அக்காவை முழங்காலுக்கு நல்லெண்ணெய் போடச் சொல்லு. உனக்குப் படிப்பு எப்படிப் போகிறது?

விமானத்துக்குப் பொட்டு வைத்தேனா என்று கேட்டாய். மகள், அந்த விமானத்தால் என் நெற்றியிலேயே பொட்டு இல்லை. கதையைக் கேள்.

ஒரு சின்ன ஒப்பந்தக் கொம்பனிதான் எங்களை விமானம் கட்டும் கொட்டகைக்கு அனுப்புகிறது. உள்ளே போகும்போது கழன்று விழக்கூடிய எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. ஒரு திருகாணி உள்ளே கிடந்து, பறக்கும்போது உருண்டு போய் ஒரு வயரில் மாட்டினால் என்ன ஆகும்? மோதிரம், காப்பு, தோடு எல்லாம் லொக்கரில். தாலிக்கொடியைக் கழற்றமாட்டேன் என்றதால் சட்டைக்குள் வைத்து மேலே ஒட்டுநாடா ஒட்டினேன். பொட்டைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை. அது உடம்பின் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள் போல.

ஒரு நாள் கைகழுவும் இடத்தில் கண்ணாடியைப் பார்க்கிறேன், நெற்றியில் பொட்டில்லை. பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அது உள்ளே விழுந்திருந்தால்? பலகை மூடியாயிற்றே. நேரே மேற்பார்வையாளர் லூக்கிடம் போனேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன்.

"எவ்வளவு பெரிது?" என்றார்.

"மிளகளவு."

"உலோகமா?"

"இல்லை. சிவப்புத் துணி. பின்னால் பசை."

மனுஷன் தலையில் கைவைத்தார். பூட்டிய பலகைகளைத் திரும்பக் கழற்றினோம். ரோர்ச் லைற்றோடு இரண்டு பேர் தவழ்ந்து தேடினார்கள். கடைசியில் அது லூக்கின் முழங்கைச் சட்டையில் ஒட்டியிருந்தது! எல்லோரும் சிரித்தோம், அவர் சிரிக்கவில்லை. அடுத்த நாள் கதவில் ஒரு புது விதி: நெற்றியில் ஒட்டுவது எதுவும் உள்ளே வரக்கூடாது.

அன்று தொடக்கம் வேலைக்குப் போகும் நாளில் பொட்டில்லை. வீட்டுக்கு வந்துதான் ஒட்டுவேன். இதனால் பஸ்ஸில் ஒரு பகிடி. நம்முடைய ஊர்ப் பெண் ஒருத்தி என் நெற்றியைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அக்கா, குகநாதன் அண்ணைக்கு... எப்ப நடந்தது?" என்றாள். "அவர் வீட்டில புட்டும் மாம்பழமும் திண்டுபோட்டுப் படுத்திருக்கிறார்" என்றேன். சித்தப்பாவுக்குச் சொன்னால், "உன்ர பிளேன் பறக்கிறதுக்கு என்னைச் சாக்காட்டிப்போட்டியே" என்கிறார்.

பானுஜன் சியாட்டிலில் போயிங்கில் சேர்ந்து சந்தோஷமாக இருக்கிறான். ஒவ்வொரு நாளும் நான் வேலை முடிந்து பஸ் தரிப்பில் நிற்கும்போது முகம் பார்த்துக் கதைக்க வீடியோ ஃபோன் எடுப்பான். அவனுக்கு அது மதியச் சாப்பாட்டு நேரம். போயிங்கும் எயர்பஸ்சும் உலகத்தைப் பாதி பாதியாகப் பங்குபோட்டு வைத்திருக்கிறார்கள். இடையில் எங்கள் கனடாக்காரர் ஒரு மூன்றாவது பாய் விரிக்கப் பார்க்கிறார்கள். "அம்மா, பாயைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கோ" என்று மகன் பகிடி விடுகிறான்.

நல்லாய்ப் படி. வெட்கத்தைக் கொஞ்சம் விடு.

உன் சித்தி
சந்திரமதி


பாடன்
05.03.2017

அன்புள்ள சித்திக்கு,

அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து மாறிவிட்டது. உங்கள் பக்கம் பனி எவ்வளவு உயரம்? சித்தப்பா சீனியைக் குறைத்தாரா?

உங்கள் பொட்டுக் கதையை எங்கள் பொறியியல் விரிவுரையாளருக்குச் சொன்னேன். வகுப்பில் அல்ல, வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு. அவர் சிரிக்காமல், "உங்கள் சித்தி செய்ததைச் செய்ய எல்லோருக்கும் மனம் வராது" என்றார். அப்படியே எழுதுகிறேன்.

மாலையில் எங்கள் வீட்டுக்கு மேலால் விமானங்கள் ஏறிப் போகின்றன. சமையலறையில் நின்று சத்தத்தை வைத்தே இது எது என்று சொல்லப் பழகிவிட்டேன். உங்களுடையதை மட்டும் காதால் பிடிக்க முடிவதில்லை. ஏதோ போகிறதே என்று நிமிர்ந்து பார்த்தால் அது ஏற்கெனவே மலைக்கு அப்பால் இருக்கும். இத்தனை தொன் பாரம், இவ்வளவு சத்தமில்லாமல். கணக்கு எனக்குத் தெரியும், பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் கத்தியை வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போகிறேன். அம்மா, "வெங்காயம் தானா வெட்டுப்படுமோ?" என்கிறார்.

வருகிற வருடம் செப்ரெம்பரில் எனக்குப் பட்டமளிப்பு. எங்கள் வீட்டில் முதல் பட்டம். நீங்கள் வர வேண்டும் சித்தி. அம்மா உங்களை நேரில் பார்த்து இருபத்திரண்டு வருடம். அவர் கேட்கமாட்டார். அதனால் நான் கேட்கிறேன்.

அன்புடன்,
கோபிஷா


மொன்றியல்
04.06.2017

அன்பு மகளுக்கு,

நாங்கள் சுகம். அக்காவின் காய்ச்சல் திரும்ப வராமல் பார். பட்டமளிப்புக்குக் கட்டாயம் வருவேன், பானுஜனையும் கூட்டிக்கொண்டு. எழுதித் தருகிறேன், இதுதான் எழுத்து.

செய்தி பார்த்திருப்பாய். போயிங் எங்கள் விமானத்துக்கு எதிராக அமெரிக்காவில் முறைப்பாடு கொடுத்துவிட்டது. எங்கள் ஆட்கள் கனடா அரசாங்கத்தின் காசை வாங்கிக்கொண்டு, செலவுக்கும் குறைந்த விலைக்கு ஒரு அமெரிக்க விமானச் சேவைக்கு விற்றுவிட்டார்களாம். போயிங் வென்றால் பெரிய வரி போடுவார்கள். அப்போது அங்கே யார் வாங்குவார்?

போன கிழமை பானுஜன் லீவில் வந்தான். சோறு போட்டு முடியவில்லை, தொடங்கிவிட்டது.

"அம்மா, ஒருத்தன் அரசாங்கக் காசில விலையைக் குறைச்சு வித்தா, மற்றவன் என்னெண்டு கடை நடத்திறது?"

"உங்கட கொம்பனிக்கு அரசாங்கம் ஒரு சதமும் குடுக்கேல்லையோ?"

"அது வேற கணக்கு."

"எங்களுக்கு எண்டா களவு, உங்களுக்கு எண்டா கணக்கோ?"

சித்தப்பா பருப்புச் சட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு நாடும் கை வைக்காட்டி நான் முழுக்கச் சாப்பிடப் போறன்" என்றார். மூவரும் சிரித்தோம். அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் சிரிப்பு அடங்கியதும் பானுஜன் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"அம்மா, இதால உங்களை வீட்ட அனுப்பினா, அடுத்த நாள் நான் அங்க வேலையை விட்டிட்டு வந்திடுவன்."

"விசர்க்கதை கதையாதை."

"பகிடிக்குச் சொல்லேல்லை."

அவன் பகிடிக்குச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து சொன்னால் செய்கிறவன். அந்த வேலைக்கு அவன் எப்படிப் படித்தான் என்று எனக்குத்தான் தெரியும். சின்ன வயதில் கடதாசியில் பிளேன் செய்து, ஏன் விழுந்தது என்று அழுகிற பிள்ளை. என் வேலை போனால் போகட்டும். அவனுடையது போகக் கூடாது.

இதை அக்காவுக்குச் சொல்லாதே. அவவிடம் சொன்னால் வானொலியில் சொன்ன மாதிரி.

அன்பு முத்தங்கள்,
சித்தி


பாடன்
01.10.2017

அன்புள்ள சித்திக்கு,

நாங்கள் நலம். உங்களைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நூற்றுக்கு இருநூற்றுச் சொச்சம் வரி என்று செய்தியில் வாசித்தேன். பிழையாக அச்சாகிவிட்டது என்று நினைத்து வேறு பத்திரிகை பார்த்தேன். அதே எண். ஒரு விமானத்தின் விலைக்கு மேல் இன்னும் இரண்டு விமானத்தின் விலை. வாஷிங்டனில் யாரோ ஒரு கையெழுத்துப் போட, மொன்றியலிலும், இறக்கை செய்யும் பெல்பாஸ்ற்றிலும் எத்தனை வீட்டில் இரவுச் சாப்பாடு இறங்காமல் போயிருக்கும். இவ்வளவு பெரியவர்கள் அசையும்போது கீழே நிற்கிறவர்களுக்கு நிழல் மட்டும்தான் தெரிகிறது.

வேலை எப்படி சித்தி? இரண்டு வரி எழுதினாலும் போதும்.

அன்புடன்,
கோபிஷா


மொன்றியல்
12.11.2017

அன்பு மகள் கோபிஷாவுக்கு,

நாங்கள் சுகம். குளிர் தொடங்கிவிட்டது. நீ குளிருக்குத் தலையை மூடிக்கொண்டு போ.

வேலை வழமை போல. பெரிய செய்தி உனக்குத் தெரிந்திருக்கும்: எயர்பஸ் வந்து எங்கள் விமானத்தில் பாதிக்குமேல் எடுத்துக்கொண்டது. எவ்வளவுக்கு என்று நினைக்கிறாய்? பேருக்கு ஒரு டொலர்! எத்தனையோ வருடம் ஆயிரக்கணக்கான ஆட்கள் செய்ததை ஒரு டொலருக்கு. சித்தப்பா சட்டைப்பையைத் தடவி, "முதலே சொல்லியிருந்தா நான் வாங்கியிருப்பனே" என்றார். அமெரிக்காவிலேயே எயர்பஸ்சுக்கு ஒரு தொழிற்சாலை இருக்கிறதாம், அங்கே வைத்துப் பூட்டினால் வரி எப்படிப் போடுவாய் என்று கேட்கிறார்களாம். ஒரு பெரியவனிடம் அடி வாங்கிய சின்னவன், மற்றப் பெரியவனின் தோளில் ஏறிவிட்டான்.

எங்கள் வாசலில் ஒரு மேப்பிள் மரம் நிற்கிறது. இந்த முறை சொல்ல முடியாத சிவப்பு. பக்கத்து வீட்டுப் பிள்ளை என்னை மரத்துக்குக் கீழே நிறுத்தி மூன்று படம் எடுத்தாள். ஒன்றில் இலை முழுக்க, ஒன்றில் பாதி, ஒன்றில் ஒன்றுமில்லை. கடிதத்தோடு வைத்திருக்கிறேன், பார்.

அக்காவுக்கு அன்பு.

சித்தி


பாடன்
03.12.2017

அன்புள்ள சித்திக்கு,

இங்கே முதல் பனி விழுந்துவிட்டது. அம்மா, அப்பா சுகம். நீங்கள் சாப்பாட்டைத் தவறவிடாமல் இருக்கிறீர்களா?

படங்கள் வந்தன. அந்தச் சிவப்பை நான் இங்கே எந்த மரத்திலும் கண்டதில்லை. மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்து நெடுநேரம் பார்த்தேன். மூலையில் அச்சடித்திருக்கும் தேதிகளையும் பார்த்தேன். நாட்காட்டியைப் புரட்டினேன். செவ்வாய், வியாழன், திங்கள். மூன்றிலும் நடுப்பகல் வெளிச்சம்.

மூன்றிலும் உங்கள் நெற்றியில் பொட்டு மிக அழகாக இருக்கிறது, சித்தி.

படங்களை நான் அம்மாவுக்குக் காட்டவில்லை. என் பாடப்புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். அம்மா கேட்டால், சித்தி சுகமாக இருக்கிறார், வேலை வழமை போல என்று சொல்வேன். பானு அண்ணா கேட்டாலும் அதையேதான் சொல்வேன். எனக்கு ஃபோனில் கதை வராது என்பது எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் மேலே கேட்கமாட்டார்கள்.

உங்களுக்கு எப்போது எழுத வேண்டும் போலிருக்கிறதோ அப்போது எழுதுங்கள். எழுதாவிட்டாலும் நான் உங்கள் பக்கம்தான்.

கோபிஷா


பாடன்
28.01.2018

அன்புள்ள சித்திக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. பரவாயில்லை. உடம்புக்கு மட்டும் ஒன்றுமில்லைத்தானே?

வெள்ளிக்கிழமை வாஷிங்டன் ஆணைக்குழுவில் நாலு பேர் வாக்களித்தார்கள். நாலும் உங்கள் பக்கம். வரி இல்லை! எல்லோரும் வேறு மாதிரித்தான் நினைத்திருந்தார்களாம். நான் எஸ்-பான் ரயிலில் கைப்பேசியில் வாசித்துவிட்டு "ஆ!" என்று சத்தம் போட்டுவிட்டேன். முழுப் பெட்டியும் திரும்பிப் பார்த்தது. நான், சித்தி, நான்!

பொங்கலுக்கு பானு அண்ணா அம்மாவோடு கதைத்தார். "பெரியம்மா, அம்மா உங்களோட என்ன கதைச்சவா?" என்று இரண்டு தடவை கேட்டாராம். அம்மா, "அவள் என்ன கதைக்கிறது, சீனியும் பனியும்தான்" என்றார்.

கோபிஷா


மொன்றியல்
18.02.2018

அன்பு மகளுக்கு,

உடம்பு சுகம். மனதும் இப்போது சுகம். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ கண்டுபிடித்துவிட்டாய் என்று தெரிந்ததும் எனக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. பேனாவை எடுப்பேன், வைப்பேன். கோபமில்லை. வெட்கம். இவ்வளவு கவனமாக மறைத்தவள், மரத்தின் அழகில் மயங்கிப்போய் உனக்கு அனுப்பிவிட்டேன்.

ஒக்ரோபர் முதல் கிழமை எங்கள் ஒப்பந்தக் கொம்பனி எங்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியது. லூக் கூப்பிட்டுச் சொன்னார். சித்தப்பாவுக்கு மட்டும் சொன்னேன். பானுஜனுக்கு எப்படிச் சொல்வேன்? சொன்னால் அடுத்த நாள் அவன் அங்கே விட்டுவிட்டு வந்து நிற்பான்.

அதனால் என்ன செய்தேன் தெரியுமா? அவன் எடுக்கும் நேரத்துக்குக் கொஞ்சம் முந்தி வேலைச் சப்பாத்தைப் போட்டு, பையைத் தோளில் கொழுவி, வழக்கமான பஸ் தரிப்புக்குப் போவேன். பொட்டைக் கழற்றிக் கோட்டின் உள்மடிப்பில் ஒட்டுவேன். ஃபோன் வரும். "வேலை முடிஞ்சு வாறன் மோனை" என்பேன். பின்னால் பஸ் சத்தம் கேட்கும். வைத்ததும் பொட்டை ஒட்டிக்கொண்டு திரும்ப நடந்து வருவேன். பனி கொட்டினாலும் போனேன். சித்தப்பா, "சம்பளம் இல்லாத வேலைக்கு இவ்வளவு ஒழுங்காப் போற ஆளை நான் காணேல்லை" என்பார். ஆனால் சப்பாத்தைத் துடைத்து வாசலில் எடுத்து வைக்கிறவரும் அவர்தான்.

நீ எழுதினாயே, பெரியவர்கள் அசையும்போது நிழல்தான் தெரியும் என்று. உண்மை. எனக்கு எதிராக நின்றவர்களின் முகத்தை நான் கண்டதில்லை. எனக்காக வாக்களித்த நாலு பேரின் முகத்தையும் கண்டதில்லை. அவர்களுக்கும் பஸ் தரிப்பில் நிற்கிற என்னைத் தெரியாது. எனக்குத் தெரிந்த ஒரே முகம் என் பிள்ளையின் முகம். அதுவோ அந்தப் பக்கம்.

வசந்தத்தில் திரும்பக் கூப்பிடலாம் என்று லூக் சொல்கிறார். அதுவரை வாய் திறக்காதே. உன்னிடம் இதைச் சொல்லத் தேவையில்லை.

உன் சித்தி


மொன்றியல்
18.04.2018

அன்பு மகளுக்கு,

சுகம். வருடப்பிறப்பு வாழ்த்து. திங்கட்கிழமை தொடக்கம் நெற்றியில் பொட்டில்லை!

சித்தி


பாடன்
30.09.2018

அன்புள்ள சித்திக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று சித்தப்பா அம்மாவுக்குச் சொன்னார். களைப்பு ஆறியதா? நீங்கள் படுத்த அறையில் அம்மா இன்னும் போர்வையை மடிக்கவில்லை.

விமான நிலையத்தில் நீங்கள் இரண்டு பேரும் இத்தனை வருடத்துக்குப் பிறகு கண்டபோது அழுவீர்கள் என்று நான் கைக்குட்டையோடு நின்றேன். அம்மா, "மெலிஞ்சு போனாய்" என்றார். நீங்கள், "நீ எனக்கும் சேத்துச் சாப்பிட்டிருக்கிறாய்" என்றீர்கள். அவ்வளவுதான். வீடு வரும்வரை இரண்டு பேரும் கையை விடவில்லை.

பட்டமளிப்பில் என் பெயரைக் கூப்பிட்டபோது அந்த மண்டபத்தில் கை தட்டியது நீங்கள் நாலு பேரும்தான் என்று எனக்குக் கேட்டது. மற்றவர்களும் தட்டியிருப்பார்கள்.

நாளை எம்மன்புரூக்கேயில் என் வேலை தொடங்குகிறது. விமான உடம்பின் துண்டுகள் செய்யும் பட்டறை, எயர்பஸ்சுக்கு. உங்கள் விமானத்துக்கும் இப்போது அவர்கள் பெயர்தானே. பானு அண்ணா, "அப்ப நான் மட்டும்தான் எதிர்க்கட்சியோ?" என்று காரில் புலம்பிக்கொண்டு வந்தது நினைவிருக்கிறதா?

லண்டனுக்கு நீங்களும் பானு அண்ணாவும் ஏறியது அதே வகை விமானமாக இருக்கும்படி ஏற்பாடு செய்தது நான்தான். உங்களைக் கதவுக்குள் அனுப்பிவிட்டு மேல்தளத்துக்கு ஓடினேன். நம்பமாட்டீர்கள், அந்தத் தொப்பிக்காரர் அங்கே இருந்தார். அதே மடக்கு நாற்காலி. விமானம் முனைக்குப் போய்த் திரும்பியது. நான் மூச்சை இழுத்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் போய்ச் சொன்னேன்: "அதில் என் சித்தி இருக்கிறார். அந்த விமானங்களுக்கு உள்பலகை பூட்டுகிறவர். இன்றைக்குத்தான் முதன்முறையாக அதில் பறக்கிறார்."

அவர் என்னைப் பார்த்தார். எழும்பி நின்றார். விமானம் மூக்கை உயர்த்தியபோது தொப்பியைக் கழற்றினார். இந்த முறை உங்களுக்காக.

எந்த ஜன்னல் உங்களுடையது என்று தெரியாமல் எல்லா ஜன்னலுக்கும் கை காட்டினேன். உள்ளே என்ன நடந்தது சித்தி? லண்டனிலிருந்து ஃபோன் எடுத்தபோது உங்கள் குரல் வேறு மாதிரி இருந்தது. அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றதால் நான் "ஓம் சித்தி" மட்டும் சொன்னேன்.

அன்புடன்,
கோபிஷா


மொன்றியல்
14.10.2018

அன்பு மகள், பொறியியலாளர் கோபிஷாவுக்கு,

களைப்பு ஆறிவிட்டது. சித்தப்பாவின் சீனி நான் இல்லாத கிழமையில் ஏறிவிட்டது. யார் காரணம் என்று கேட்டால் அப்பாவி மாதிரிப் பார்க்கிறார். உன் முதல் வேலைக் கிழமைகள் எப்படிப் போயின? அங்கே யாராவது கேள்வி கேட்டால் வாயைத் திறந்து பதில் சொல்லு. உனக்குத்தான் இப்போது வருகிறதே.

உள்ளே என்ன நடந்தது என்று கேட்டாய்.

விமானத்தின் வாசலில் கால் வைக்கும்போது என் கை தன்பாட்டில் நெற்றிக்குப் போய்விட்டது. பொட்டைக் கழற்றிவிட்டேன். பிறகுதான் நினைவு வந்தது, நான் இன்றைக்கு வேலைக்கு வரவில்லை என்று. விரல் நுனியில் அதை வைத்துக்கொண்டு நிற்கிறேன், பின்னால் சனம் நெருக்குகிறது.

"தாங்கோ அம்மா" என்று பானுஜன் விரலை நீட்டினான். "பஸ் தரிப்பில கழட்டிக் கழட்டி நிண்டது போதாதோ?"

பணிப்பெண் சிரித்துக்கொண்டு வழி காட்டுகிறாள், நான் அசையவில்லை. அவன்தான் தோளைப் பிடித்து ஆசனத்தில் இருத்தினான்.

"ஆர் சொன்னது? கோபியோ?"

"கோபி வாய் திறக்கிற ஆளோ? நான்தான் கண்டனான். வேலை முடிஞ்சு வாற நாளில உங்கட நெத்தி ஒரே மாதிரி இருக்கும். பிறகு பாத்தா நடுவில ஒரு வட்டம், பசை மினுங்குது. இப்பதான் கழட்டினதெண்டு குருடனுக்கும் தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் பேசாமல் இருந்தனி? விட்டிட்டு வந்திடுவன் எண்டனி."

ஆசனப் பட்டியை இழுத்துப் பூட்டிக்கொண்டு சொன்னான்:

"விலகல் கடிதம் எழுதி வச்சனான், அம்மா. அண்டைக்குத்தான் உங்களுக்கு எடுத்தன், சொல்லுவம் எண்டு. நீங்கள் பனிக்குள்ள, மூக்குச் சிவந்து, 'வேலை முடிஞ்சு வாறன் மோனை' எண்டு சிரிக்கிறியள். நான் வேலைக்குப் போகவேணும் எண்டுதானே இந்த மனுஷி இங்க வந்து நிக்குது எண்டு விளங்கிச்சு. நீங்கள் நிக்கேக்க நான் என்னெண்டு விடுறது?"

என் கை சும்மா இருக்காமல் ஜன்னல் ஓரப் பலகையின் மூட்டைத் தடவிக்கொண்டிருந்தது. நல்ல பூட்டு. இடைவெளி சரியாக இருந்தது. நான் பூட்டியதோ, வேறு யாரும் பூட்டியதோ, தெரியாது. எல்லோரும் அப்படித்தான் பூட்டுவோம்.

அப்போது அவன் கையை நீட்டி, என் பொட்டை அந்தப் பலகையில், ஜன்னலுக்குக் கீழே, ஒட்டினான்.

"டேய், எடடா! லூக் கண்டா முழுப் பிளேனையும் கழட்டுவான்!"

"லூக் மொன்றியலில. நீங்கள் இண்டைக்கு ரிக்கெற் எடுத்த சனம். புது வாகனத்துக்குப் பொட்டு வைக்கிறேல்லையோ?"

"போயிங்காரன் வைக்கிறதோ?"

"மெல்லக் கதையுங்கோ. என்ர வேலை போயிடும்."

பிறகு அது ஓடத் தொடங்கியது. மகள், இத்தனை வருடம் அதற்குள் நடந்திருக்கிறேன், தவழ்ந்திருக்கிறேன். ஆனால் அது எப்போதும் கொட்டகைக்குள் சக்கரத்தில் நிற்கும். வாசலுக்கு வெளியே போவதை ஒவ்வொன்றாகப் பார்த்துக் கை காட்டியிருக்கிறேன். போனது எங்கே போகிறது என்று எனக்கு இப்போதுதான் தெரிந்தது. முதுகு ஆசனத்தில் அழுந்தியது. அந்தப் பலகை ஒரு தடவை சின்னதாக நடுங்கியது. பிறகு நடுக்கம் நின்றது. தரை இல்லை. தூரத்தில் வெள்ளை மலைகள் எல்லாம் வரிசையாக எழும்பி நின்றன. நான் மலையைப் பார்த்தது கொஞ்சம்தான். அந்தச் சிவப்புப் புள்ளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வானத்தில், ஜன்னலுக்குக் கீழே, விழாமல் இருந்தது. பானுஜன் என் தோளில் தலை வைத்துச் சின்னப்பிள்ளை மாதிரி நித்திரையாகிவிட்டான்.

லண்டனில் இறங்குவதற்கு முன் அதை நகத்தால் எடுத்தேன். ஒட்டிய இடத்தைச் சேலைத்தலைப்பால் துடைத்துப் பசை இல்லை என்று தடவிப் பார்த்தேன். பிறகு நெற்றியில் வைத்துக்கொண்டு இறங்கினேன்.

லண்டனிலிருந்து பானுஜன் தன்னுடைய கொம்பனி விமானம் ஒன்றில் சியாட்டிலுக்கு ஏறினான். "அதின்ர உள்பலகையையும் தடவிப் பார், எங்கட மாதிரி வராது" என்று சொல்லி அனுப்பினேன். இறங்கியதும் ஒரு படம் அனுப்பியிருந்தான். பலகை. அதுவும் நல்ல பூட்டுத்தான். அவனிடம் அதைச் சொல்லவில்லை.

அக்காவுக்குச் சொல்லு, போர்வையை மடிக்கட்டும், நான் திரும்ப வருவேன். உன் அப்பாவுக்கு எங்கள் அன்பு. நீ குளிருக்குத் தலையை மூடு.

நாளை திங்கள். பொட்டில்லாமல் வேலைக்குப் போகிறேன்.

உன் சித்தி
சந்திரமதி